கொல்லைப்புறத்தில் ஒரு சிமெண்ட் பாறை

தொட்டியில் நாள்தோறும் 2 அங்குலத் தண்ணீர் காணாமல் போய்க்கொண்டிருந்தது. உள்ளளவில் 5 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்ட தொட்டியில் 2 அங்குலம் என்றால் 90 லிட்டருக்குச் சற்று மேல். குடக் கணக்கில் சொன்னால் ஆறேழு குடம். மதுரையில், அதுவும் பங்குனி மாதத்தில், ஒவ்வொரு மாலையும் ஆறேழு குடம் தண்ணீரை மண்ணில் விட்டுவிட்டு அதற்கு அழகு என்று பெயர் சூட்ட முடியாது. "ஊரே தண்ணி லாரிக்குக் காத்துக் கெடக்கு, நீ மலையைக் குளிப்பாட்டுறியா?" என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. கொல்லைப்புற மூலையில் செயற்கைப் பாறை ஒன்றைக் கட்டி, அதன் மேலிருந்து இரண்டு படிகளாகத் தண்ணீர் விழச் செய்து, பார்க்க வந்த உறவினர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போன பிறகு, மூன்றாவது வாரத்தில்தான் இந்தக் கணக்கு எனக்குப் பிடிபட்டது. அந்தத் தண்ணீர் போன வழியைத் தேடிய பத்து நாட்களில் நான் தெரிந்துகொண்டது, பாறையைக் கட்டிய இரண்டு மாதங்களில் தெரிந்துகொண்டதைவிட அதிகம் என்பதால், இரண்டையும் சேர்த்தே இங்கே எழுதி வைக்கிறேன்.

உண்மையான கல்லையே கொண்டுவந்து வைத்திருக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. மதுரையைச் சுற்றிக் கல்லுக்குப் பஞ்சமில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு கன அடிக் கருங்கல்லின் எடை ஏறத்தாழ 75 கிலோ. நான் மனத்தில் வைத்திருந்த உருவம் 4 அடி உயரமும் 3 அடி அகலமும் 3 அடி கனமும் கொண்டது. அது முழுக் கல்லாக இருந்தால் 2,700 கிலோ. எங்கள் வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் இடையே உள்ள சந்தோ மூன்றரை அடி. அதில் கிரேன் நுழையாது. இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். சிறு கற்களை அடுக்கிக் கட்டலாம் என்றால், அது பாறையாகத் தோன்றாமல் கண்மாய்க் கரையின் கல்கட்டுப் போலத்தான் தோன்றும். உள்ளே கூடாக, வெளியே கம்பியும் வலையும் சிமெண்டுமாக ஓர் ஓடு செய்தால் அதே உருவம் அரை டன்னுக்குச் சற்று மேலான எடையில் முடிந்துவிடும். பொருள்கள் அத்தனையும் பாண்டுச் சட்டியில் ஏறிச் சந்து வழியாகவே உள்ளே போய்விடும்.

ஃபெரோசிமெண்ட் என்று அழைக்கப்படும் இந்த முறை தோட்டத்துக்கு அந்நியமானது அன்று. உண்மையில் அது வளர்ந்ததே தண்ணீருக்கும் செடிக்கும் பக்கத்தில்தான். பிரான்சில் ஜோசப் லூயி லாம்போ என்பவர் 1848இல் கம்பிவலையின் மேல் சிமெண்டைப் பூசி ஒரு படகையே செய்தார். தோட்டக்காரரான ஜோசப் மோனியே, கம்பி வைத்த சிமெண்ட் தொட்டிகளுக்கு 1867இல் காப்புரிமை வாங்கினார். அதே ஆண்டில் பாரிசில், கைவிடப்பட்ட ஜிப்சம் சுரங்க நிலத்தில் திறக்கப்பட்ட பூத் ஷோமோன் பூங்காவின் குகையும் அதற்குள் விழும் அருவியும் மனிதர் உருவாக்கியவையே. இங்கிலாந்தில் புல்ஹாம் குடும்பத்தார் உடைந்த செங்கல்லின் மேல் சிமெண்டைப் பூசிச் செய்த பாறைகள் லண்டனின் பேட்டர்சீ பூங்காவில் இன்றும் நிற்கின்றன. எனக்கு இந்த ஆசை வந்ததற்கு அவர்கள் யாரும் காரணமல்லர். நவராத்திரிக் கொலுவில் படிக்குப் பக்கத்தில் பழுப்புக் காகிதத்தைக் கசக்கி மலை கட்டி, அதன் அடியில் கண்ணாடித் துண்டைக் குளமாக வைத்து விளையாடிய எந்தப் பிள்ளைக்கும் பிறகு ஒருநாள் வந்து சேரக்கூடிய ஆசைதான் இது.

தொட்டியை முதலில் கட்டினோம். பாறையைக் கட்டிவிட்டுத் தொட்டியை அதன் காலடியில் பொருத்துவது என்பது குதிரைக்கு முன்னால் வண்டியைப் பூட்டும் வேலை. ஒன்றரை அடி ஆழம், தரைக்கு 4 அங்குலக் கான்கிரீட், சுற்றிலும் செங்கல் சுவர், செங்கல்லும் கான்கிரீட்டும் சேரும் மூலைகளில் கோழிவலை வைத்துப் பூச்சு, அதன் மேல் நீர்க்கசிவுத் தடுப்புக் கலவை இரண்டு கை. 15 அங்குல மட்டத்துக்குத் தண்ணீர் விட்டால் 700 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறதோ குறைந்தது அவ்வளவு தூரத்துக்காவது விழும் இடத்துக்கு முன்னால் தொட்டி நீண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தெறிக்கும் தண்ணீர் தரைக்குத்தான் போகும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் அளவு தானாக வந்துவிடும். ஐப்பசி மழையில் தொட்டி நிரம்பி வழியாமல் இருக்க, விளிம்புக்கு 2 அங்குலம் கீழே ஒரு குழாயை வைத்து வாழை மரத்தின் பக்கம் திருப்பிவிட்டோம். பாறை வேலையைத் தொடங்குமுன் தொட்டியை நிரப்பி, பென்சிலால் கோடு போட்டு, இரண்டு நாள் விட்டுப் பார்த்ததில் கோடு அப்படியே இருந்தது. பின்னால் தண்ணீர் குறைந்தபோது தொட்டியின் மேல் சந்தேகப்படாமல் இருக்க இந்தப் பென்சில் கோடுதான் துணை நின்றது.

கூடு கட்டுவது பொறுமையான வேலையே தவிரக் கடினமான வேலை அன்று. தொட்டியின் பின்சுவரை ஒட்டிய கான்கிரீட் தளத்தில் 8 மி.மீ. கம்பிகளை நிறுத்தி, அவற்றை வளைத்து விலா எலும்பு போல ஒன்றோடொன்று கட்டி, அதன் மேல் இரண்டு அடுக்குக் கோழிவலையைப் போர்த்தி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முடிச்சாகக் கட்டுக்கம்பியால் இறுக்கினோம். முடிச்சு தளர்ந்த இடத்தில் வலை சாந்தைத் தாங்காமல் துள்ளும். துள்ளிய இடத்தில் பின்னர் விரிசல் விடும். பாறைக்கும் மதிலுக்கும் நடுவே முக்கால் அடி இடைவெளி விட்டதும், முதுகுப்புறத்தில் ஒரு கை நுழையும் அளவுக்குத் திறப்பு வைத்ததும், தண்ணீரை மேலே கொண்டுபோகும் 1 அங்குல ஹோஸை நேரடியாகச் சாந்தில் புதைக்காமல் பெரிய பி.வி.சி. குழாய்க்குள் விட்டதும் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடிய மூன்று முடிவுகள். ஹோஸ் என்றைக்காவது பழுதாகும். அன்றைக்குப் பாறையை உடைக்க வேண்டியதில்லை.

சாந்து பூச வந்த கொத்தனார் அண்ணன் அறுபதை நெருங்கியவர். இளம் வயதில் கோயில் திருப்பணிகளில் சுதை வேலைக்காரர்களிடம் கையாளாக இருந்தவர். மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரத்தில் மட்டும் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட சுதை உருவங்கள் நிற்கின்ற ஊரில், சிமெண்டை உருவமாக்கத் தெரிந்த கையைத் தேடி நான் வேறெங்கும் போக வேண்டியிருக்கவில்லை. ஒன்றுக்கு மூன்று என்ற கணக்கில் சிமெண்டும் சலித்த மணலும், தண்ணீரை முடிந்தவரை குறைத்துக் கெட்டியாகக் குழைத்த சாந்து. முதல் நாள் வலைக்குள் சாந்தை அழுத்தி ஏற்றி, மேற்பரப்பைச் சுரண்டிவிட்டு, மறுநாள் இரண்டாவது கை. மொத்தக் கனம் ஒன்றரை அங்குலம். அண்ணனுடைய கரண்டி போகும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் எழுந்து போய்ப் பார்த்தபோது பாறைக்குப் பதிலாக அங்கே ஒரு யானைக்குட்டி படுத்திருந்தது.

அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒவ்வொரு மேடும் அடுத்த மேட்டோடு வழுக்கிக் கலந்தது. ஒவ்வொரு விளிம்பும் விரலால் உருட்டி விடப்பட்டிருந்தது. தோளும் தொடையும் வயிறும் இருந்தன. சுதைக்காரர் கைக்கு வளைவுதான் வரும். தெய்வத்துக்கும் யாளிக்கும் அதுதான் வேண்டும். பாறைக்கு வேண்டியது முறிவு. இதை நான் அவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டிருந்தபோது, அவரே சற்றுத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்குக் கண்ணு மட்டும் தெறந்துவிட்டா கும்புட்டுட்டுப் போயிருவாங்க" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். ஈரம் காயுமுன் மேல் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, மறுநாள் காலையில் அவரை என் வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு கீழக்குயில்குடிக்குப் போனேன்.

அங்குள்ள சமணர் மலையை நான் எத்தனையோ முறை ஏறியிருக்கிறேன். செட்டிப்புடவு குகையிலும் பேச்சிப்பள்ளத்திலும் உள்ள சமணச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு, சுனைப் பக்கம் நிழலில் உட்கார்ந்துவிட்டு இறங்கிவிடுவேன். அன்றைக்குத்தான் சிற்பங்களை விட்டுவிட்டுச் சிற்பம் இல்லாத இடங்களைப் பார்த்தோம். தூரத்திலிருந்து பார்த்தால் வழவழப்பான ஒரே வளைவாகத் தெரியும் மலை, கிட்டே போனால் வெங்காயம் போலத் தகடு தகடாக உரிந்துகொண்டிருக்கிறது. தகடு முறிந்த இடமெல்லாம் கை வைத்தால் உறுத்துகிற விளிம்பு. வெடிப்புகளோ மனம்போன போக்கில் ஓடவில்லை. ஒரு வெடிப்பு எந்தத் திசையில் போகிறதோ அதே திசையில் பத்தடி தள்ளி இன்னொன்று போகிறது. இவற்றைக் குறுக்காக வெட்டும் வெடிப்புகளும் தமக்குள் ஒரே திசையைக் காக்கின்றன. ஒரு மலைக்கு இரண்டு மூன்று திசைகளே சொந்தம். பூங்காக்களிலும் திருமண மண்டபங்களின் வாசலிலும் உள்ள சிமெண்ட் பாறைகள் பொய்யாகத் தெரிவதற்குக் காரணம் நிறம் அன்று, ஒவ்வொரு வெடிப்பும் தனக்கொரு திசையைத் தேர்ந்தெடுத்துக்கொள்வதுதான் என்பது அங்கே நின்றபோது எனக்குத் தெளிவாயிற்று. அண்ணன் எதுவும் பேசாமல் ஒரு தகட்டின் விளிம்பில் கட்டைவிரலை வைத்துக் கடைசிவரை இழுத்துக்கொண்டே போனார். பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால் அச்சு எடுப்பது, உடைத்து வருவது போன்ற எதையும் அங்கே செய்யக் கூடாது. கைப்பேசியில் நாற்பது படங்கள் எடுத்துக்கொண்டு இறங்கினோம்.

இரண்டாவது முறை பூசும்போது ஒரு மூங்கில் குச்சியைச் சாய்வாகத் தரையில் ஊன்றிவைத்து, எல்லா வெடிப்புகளையும் அந்தக் குச்சியின் சாய்வுக்கே இழுத்தார். வெடிப்பைக் கோடாகக் கீறாமல், ஒரு பக்கத்தைச் சற்று உயர்த்தியும் மறுபக்கத்தைச் சற்று இறக்கியும் அமைத்தபோது, ஒரே நாளில் யானைக்குட்டி காணாமல் போயிற்று. மேற்பரப்பின் சொரசொரப்புக்குக் கருவி எதுவும் வாங்கவில்லை. 2019 பிளாஸ்டிக் தடைக்கு முன்பு வீட்டில் சேர்ந்து கிடந்த மெல்லிய கேரி பைகளைக் கசக்கி, சாந்து லேசாக இறுகத் தொடங்கும் நேரத்தில் அழுத்தி உரித்தால், உரிந்த இடத்தில் சுருக்கமும் நுண்குழிகளும் விழுகின்றன. அந்த நேரத்தைக் கணிப்பதுதான் சூட்சுமம்: விரலை வைத்தால் தடம் பதிய வேண்டும், ஆனால் சாந்து விரலில் ஒட்டக் கூடாது. எங்கள் வெயிலில் அது பூசிய முக்கால் மணி நேரத்தில் வந்து கால் மணி நேரத்தில் போய்விடுகிறது. ஆகையால் நான்கு சதுர அடிக்கு மேல் ஒரே மூச்சில் பூசாதீர்கள். மேல் படியும் நடுப் படியும் ஆகிய இரண்டு கிண்ணங்களின் உதடுகளை மட்டும், தண்ணீர் வழுக்கிக்கொண்டு விழட்டும் என்று நானே சொல்லி, உருட்டி விடச் செய்தேன். இந்தத் தவற்றின் விலையைப் பிறகு சொல்கிறேன்.

பிறகு பத்து நாட்கள் சாக்கைப் போர்த்தி, காலை, மதியம், மாலை என்று தண்ணீர் ஊற்றினோம். மெல்லிய ஓட்டுக்கு இந்த நனைப்பு, கனமான சுவருக்கு வேண்டியதைவிட முக்கியம். ஒருநாள் காய்ந்தாலும் மயிரிழை விரிசல் விட்டுவிடும். நிறத்துக்கு இரும்பு ஆக்சைடுப் பொடிகள் போதும். பழைய வீடுகளின் சிவப்புத் தரை அறுபது, எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் வெளுக்காமல் இருப்பது இந்தக் காவியால்தான். மஞ்சள், காவி, கறுப்பு ஆகிய மூன்றையும் சாயத் தண்ணீர் அளவுக்கு நீர்க்கக் கரைத்து, அடர்ந்த கறுப்பை முதலில் பூசிப் பள்ளங்களில் இறங்கவிட்டு, மேடுகளை ஸ்பாஞ்சால் துடைத்து, காய்ந்ததும் அடுத்த நிறம். ஒரே நிறத்தைக் கெட்டியாகப் பூசினால் பாறை வண்ணமடித்த சிமெண்டாகவே நிற்கும். மலையில் மழைத் தண்ணீர் வழியும் தடங்களில் நீலப்பசும்பாசி படிந்து கறுப்புப் பட்டைகள் இறங்குவதைப் படத்தில் பார்த்து, மேல் உதட்டுக்குக் கீழே அப்படியொரு பட்டையை நானே வரைந்தேன். அது இயற்கையாகவே அமைந்துவிட்டதாக அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கித் தண்ணீரைக் கடுங்காரமாக்கும். பி.எச். தாளை நனைத்தால் 11க்கு மேல் காட்டும். அந்தத் தண்ணீரில் மீன் ஒரு நாள் தாங்காது. நிரப்பி நான்கு நாள் விட்டு வடிப்பது என்று மூன்று முறை செய்தோம். புதுத் தொட்டியில் வாழைத்தண்டைத் துண்டுபோட்டு ஊறவிடும் பழக்கம் இங்கே மீன் வளர்ப்பவர்களிடம் உண்டு. நாங்களும் போட்டோம், நாற்றம் மட்டும் இரண்டு தெரு தாண்டியது. நான்காவது தண்ணீரில் தாள் 8 என்று காட்டிய பிறகே கப்பி மீன்களை விட்டோம்.

பம்பு வாங்குவதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள், நான் உட்பட. பெட்டியின் மேல் மணிக்கு 3,000 லிட்டர் என்றும் 3 மீட்டர் உயரம் என்றும் எழுதியிருந்தது. இந்த இரண்டும் சேர்ந்து நடப்பதில்லை. உயரமே இல்லாதபோது 3,000 லிட்டர். 3 மீட்டர் உயரத்தில் ஒரு சொட்டும் வராது. எங்கள் பாறையின் உச்சி தண்ணீர் மட்டத்திலிருந்து சற்றேறக்குறைய 1.4 மீட்டர். 15 லிட்டர் வாளியை உச்சியில் பிடித்து நேரம் பார்த்ததில் நிரம்ப 36 விநாடி ஆயிற்று; அதாவது மணிக்கு 1,500 லிட்டர், பெட்டியில் இருப்பதில் பாதி. தண்ணீர் கிழியாத திரையாக விழ வேண்டுமானால் உதட்டின் ஒவ்வோர் அங்குல அகலத்துக்கும் மணிக்கு ஏறத்தாழ 400 லிட்டராவது வேண்டும். நான் உதட்டை 10 அங்குலம் வைத்திருந்தேன். விளைவாகத் திரை விழவில்லை. ஆலம் விழுது போல நான்கைந்து நூல்கள் தொங்கின, அவையும் உதட்டின் அடியில் அங்குமிங்கும் நகர்ந்துகொண்டிருந்தன. அப்படி நகர்வதை நான் ரசித்துக்கூடப் பார்த்திருக்கிறேன்.

இனி அந்த 2 அங்குலத்துக்கு வருகிறேன். வெயிலில் ஆவியாகிறது என்றுதான் முதலில் எல்லோரும் சொன்னார்கள். ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி, தொட்டிக்குள்ளேயே செங்கல்லின் மேல் வைத்து, வாளியிலும் தொட்டியிலும் கோடு போட்டுவிட்டு, பம்பை நிறுத்தி ஒரு நாள் விட்டேன். இரண்டிலும் ஒரே அளவு, கால் அங்குலத்துக்கும் சற்றுக் கூடுதலாகக் குறைந்திருந்தது. ஆக, தொட்டி ஒழுகவில்லை. வெயில் தன் பங்கை மட்டுமே எடுக்கிறது. அடுத்த நாள் வழக்கம்போல மூன்று மணி நேரம் பம்பை ஓட்டினேன். வாளியில் கால் அங்குலம், தொட்டியில் 2 அங்குலம். தண்ணீர் போவது பம்பு ஓடும்போது மட்டும். அப்படியானால் வழி தொட்டிக்கு மேலே, பாறையில்தான் இருக்க வேண்டும். இதற்கு இன்னொரு சாட்சியும் இருந்தது. கொல்லையில் மற்றச் செடிகளெல்லாம் வாடி நின்ற அந்த வாரங்களில், பாறைக்குப் பின்னால் மதிலோரம் நின்ற கறிவேப்பிலைக் கன்று மட்டும் குருத்து குருத்தாகத் துளிர்த்துக்கொண்டிருந்தது. அம்மா அதற்குத் தாம் ஊற்றிய புளித்த மோரைக் காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

விரிசலைத் தேடி இரண்டு நாள் வீணாயிற்று. கடைசியில் பாறையை ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, உதடுகளின் அடிப்பக்கத்திலும் அதையொட்டிய சுவர்களிலும் திருநீற்றைத் தூவித் தடவிவிட்டு, பத்து நிமிடம் மட்டும் பம்பை ஓட்டி நிறுத்தினேன். மல்லாந்து படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தால், மேல் உதட்டின் அடியில் வெள்ளைப் பூச்சின் நடுவே இரண்டு விரல் அகலத்துக்குக் கறுத்த தடம். அது முனையில் தொடங்கி, தொட்டியின் பக்கம் இறங்காமல், பின்னோக்கி ஐந்தாறு அங்குலம் ஊர்ந்து, பாறையின் பக்கவாட்டில் திரும்பி, ஓடு தளத்தோடு சேரும் மூலைவழியே மதில் பக்கம் மறைந்திருந்தது. பாறையில் விரிசல் எங்கும் இல்லை. தண்ணீர் விழுந்தால்தானே தொட்டிக்குப் போகும். அது விழவே இல்லை, உருட்டிவிட்ட உதட்டைப் பிடித்துக்கொண்டே அடிவழியாகப் பாறையைச் சுற்றிப் போயிருக்கிறது. விளிம்பு மடிக்காத கிண்ணத்திலிருந்து மெதுவாகக் காபியை ஊற்றினால் அது கிண்ணத்தின் அடியைச் சுற்றிக்கொண்டு கையில் வழியும். விளிம்பு வெளியே மடிந்த எவர்சில்வர் தம்ளரில் அப்படி வழிவதில்லை. இதைத் தினமும் இரண்டு முறை கையில் பிடித்துக்கொண்டிருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "சன்ஷேடுக்கு அடியில கம்பி வச்சு ஒரு கோடு இழுப்போம்ல தம்பி, தண்ணி செவத்துக்கு வராம அங்கனயே சொட்டிரும். அத இங்க மறந்துட்டோம் பாருங்க." அவர் சொன்னதும் எனக்கு நினைவுக்கு வந்தவை மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளின் சமணர் குகைத்தளங்கள். கற்படுக்கைகளில் மழை நுழையாமல் இருக்க, குகையின் நெற்றியில் நீளமாகக் காடி வெட்டியிருப்பார்கள். மேலிருந்து பாறையைப் பற்றிக்கொண்டு வரும் தண்ணீர் அந்தக் காடியோடு பிடியை விட்டுவிட்டு வெளியே சொட்டிவிடும். பல இடங்களில் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துகளும் அந்தக் காடியை ஒட்டியே வெட்டப்பட்டிருக்கின்றன. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளாக நம் ஊர்ப் பாறையில் இருக்கும் அந்தக் காடியை, எழுத்தைப் படிக்கப் போன ஒவ்வொரு முறையும் நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு வந்துதான் என் உதட்டை உருட்டிவிடச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்றரை அங்குல ஓட்டில் காடி வெட்டினால் உள்ளே உள்ள வலை வெளிப்பட்டுத் துருவேறும். ஆகையால் உதட்டையே மாற்றினோம். அடுப்படி மேடைக்குப் போட்டதில் மிஞ்சிய கடப்பாக்கல் துண்டிலிருந்து 4 அங்குல அகலத்துக்கு ஒரு நாக்கை வெட்டி, முனையைக் கூர்மையாக விட்டு, முனையிலிருந்து முக்கால் அங்குலம் உள்ளே தள்ளி அடிப்பக்கத்தில் கட்டர் மெஷினால் காடி இழுத்து, பழைய உதட்டைத் தட்டி எடுத்த இடத்தில் முன்பக்கம் லேசாகச் சரியும்படி பதித்தோம். இரண்டு பக்கமும் சாந்தால் மேடு கட்டித் தண்ணீரை அந்த 4 அங்குலத்துக்குள் நெருக்கினோம். நடுப் படிக்கும் அப்படியே. பம்பைப் போட்டதும் முதல் நான்கைந்து விநாடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நாக்கின் முனையில் கண்ணாடித் தகடு போல ஒரு திரை வந்து நின்றது. அதே பம்பு, அதே 1,500 லிட்டர். அன்று மாலை தொட்டியில் குறைந்தது வாளியில் குறைந்ததைவிடக் கொஞ்சமே அதிகம். அந்தக் கொஞ்சம் தெறித்துப் போனது.

கொசுவைப் பற்றிக் கேட்பவர்களுக்காக: ஓடும் தண்ணீரில் முட்டையிடாத டெங்குக் கொசு, பம்பை நிறுத்தியதும் மேல் கிண்ணங்களில் தேங்கும் தண்ணீரைத் தேடி வரும், முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். ஒவ்வொரு கிண்ணத்தின் அடியிலும் பென்சில் கனத்துக்கு ஓர் ஓட்டை வைத்திருக்கிறோம். பம்பு நின்ற சில நிமிடங்களில் இரண்டும் வடிந்துவிடும். கீழே தொட்டியைக் கப்பிகள் பார்த்துக்கொள்கின்றன. அவை பெருகிவிட்டால் கண்மாயில் கொண்டுபோய் விடாதீர்கள். அங்குள்ள நாட்டு மீன்களுக்கு அவை போட்டி. மின்சாரத்தில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். பம்புக்கென்று தனி வயர், நடுவில் ஒட்டுப்போடாமல் குழாய்க்குள், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யோடு வர வேண்டும். சாப்பாட்டு அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஜன்னல் வழியாக இழுத்துவிடும் காட்சியை ஒரு வீட்டில் பார்த்திருக்கிறேன். அந்தத் தொட்டியில் குழந்தைகள் கைவிட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பம்பு 60 வாட். மாலையில் மூன்று மணி நேரம் என்றால் மாதத்துக்கு ஐந்தரை யூனிட் ஆகிறது. பாறைக்கும் தொட்டிக்குமாகச் சிமெண்ட் ஆறு மூட்டை, செலவு முப்பத்தெட்டாயிரம், அதில் பாதிக்கு மேல் கூலி. கூலியில் யானைக்குட்டியின் பங்கு ஒரு நாள்.

இப்போது ஐந்து மாதங்கள் ஆகின்றன. சுண்ணாம்பின் காரம் இறங்கிய பிறகு பாறையில் பாசி பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. கடப்பாக்கல் நாக்கின் இடது ஓரத்தில் தெறிக்கும் துளிகள் ஒன்றுசேர்ந்து ஒரு மெல்லிய கோடாக வழிந்து, அந்த வழியில் கறும்பச்சையாக ஒரு தடம் இறங்குகிறது. அது நான் ஆக்சைடில் வரைந்த கறுப்புப் பட்டைக்கு நான்கு விரல் தள்ளி, நான் நினைத்தே பார்க்காத ஒரு வெடிப்பின் வழியாக, மூங்கில் குச்சியின் சாய்வில் போகிறது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது என்னுடையது சுவரில் எழுதிய விளம்பரம் போலத் தெரிந்தது. போன ஞாயிற்றுக்கிழமை கம்பி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து அதைத் தேய்த்து எடுத்துவிட்டேன்.